நவராத்திரியில் குமாரி பூசை, காரைக்கால் அம்மையார் குருபூசை: கிராமத்து அம்மன் கோயிலில் எப்படிச் செய்வது?

முத்தையன்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். ஓட்டுக்கூரை, முன்னுக்குத் தகரக் கொட்டகை, ஒரு கிணறு, வேப்பமரம். வைகாசியில் பொங்கல், நவராத்திரியில் கும்பம் வைத்துப் பத்து நாள் பூசை. கோயிலோடு சேர்ந்த அறநெறிப் பாடசாலையில் நாற்பது பிள்ளைகள் வரை படிக்கிறார்கள், ஆசிரியைகள் மூன்று பேர்.

இந்த முறை நவராத்திரியில் வழமையான வாணி விழாவோடு பெண் அடியார்களையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த நினைக்கிறோம். நிர்வாக சபையில் ஒருவர் குமாரி பூசை (சின்னப் பெண்பிள்ளைகளை அம்மனாக இருத்திச் செய்யும் பூசை) செய்யலாம் என்கிறார். இன்னொருவர் காரைக்கால் அம்மையார் குருபூசையையும் அந்த நாளிலேயே சேர்த்து முடிக்கலாம் என்கிறார். மூன்றாமவர், "நேபாளத்தில் பிள்ளையைத் தெய்வமாக்கி வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிறாங்களே, அதையா இங்க கொண்டுவரப் போறியள்?" என்று கேட்கிறார். எங்களுக்கும் தெளிவில்லை.

குமாரி பூசையின் ஒழுங்கு என்ன, எத்தனை வயதுப் பிள்ளைகள் இருக்கலாம், குருபூசையைச் சேர்த்துச் செய்யலாமா, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் மாதிரி உப்புநீரில் விளக்கு வைக்கலாமா (இதையும் ஒருவர் கேட்டார்), பூசை நேரம் யாருக்கும் உரு (சாமி) வந்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கோ.

---

பனையடி எழுதியது:

தங்கச்சி, குமாரி பூசையை மட்டும் நான் எழுதுகிறேன். மற்றவற்றை அதிலே ஊறினவர்கள் எழுதட்டும்.

நேபாளக் கதையை முதலில் முடிப்போம். காத்மாண்டு ராஜகுமாரி, தலேஜு அம்மன் குடிகொண்டவள் என்று வணங்கப்படுகிற பிள்ளை. நேவார் சமூகத்துச் சாக்கியக் குடும்பங்களில் இருந்து, அதாவது பௌத்த வீட்டில் இருந்து, முப்பத்திரண்டு இலட்சணம் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். 1757இல் ஜெயப்பிரகாச மல்ல மன்னர் கட்டிய குமாரி மாளிகையில் வசிப்பாள். இந்திர ஜாத்திரையில் தேரில் வருவாள். பருவமடைந்ததும் தெய்வநிலை நீங்கி வீட்டுக்குத் திரும்புவாள். அந்தப் பிள்ளைகளின் கல்வியுரிமை பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2008இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது வருடக்கணக்காக நீளும் பதவி. நீங்கள் செய்யப்போவது முக்கால் மணித்தியாலப் பூசை. அம்மனைப் பிள்ளையில் எழுந்தருளச் செய்து, உபசரித்து, திரும்பவும் கும்பத்துக்கே அனுப்பிவிடுகிறோம். சபையில் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கோ, விளங்கிக்கொள்வார்.

வயது: தேவி பாகவதம் இரண்டு முதல் பத்து வரை என்கிறது. ஒரு வயதுப் பிள்ளை வேண்டாம், வாசமும் சுவையும் அதுக்கு இன்னும் பிடிபடாது என்று காரணமும் சொல்கிறது. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெயர்: 2 குமாரி, 3 திரிமூர்த்தி, 4 கல்யாணி, 5 ரோகிணி, 6 காளிகா, 7 சண்டிகா, 8 சாம்பவி, 9 துர்க்கா, 10 சுபத்திரா. ஒன்பது வயதுக்கும் ஒவ்வொரு பிள்ளை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மூன்று பேர் போதும், ஒருவரும் போதும். எண்ணிக்கைக்காக அழுகிற பிள்ளையை இருத்த வேண்டாம்.

அதே நூலில் சாதி பார்த்தும் உடற்குறை பார்த்தும் பிள்ளையைத் தள்ளும் வரிகளும் உண்டு. உங்கட ஊரில் அதை எடுக்கவே கூடாது. சுவாமி விவேகானந்தர் 1898இல் காஷ்மீரில் ஒரு முஸ்லிம் படகோட்டியின் நாலு வயது மகளை உமையாக வைத்துப் பூசித்தார். 1901இல் பேலூர் மடத்துத் துர்க்கா பூசையிலும் குமாரி பூசை செய்தார். அந்தப் படகோட்டி மகளுக்கு இடம் இருந்தால், கால் ஏலாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு. திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிவு செய்யுங்கோ. நிர்வாக சபைக்காரரின் பிள்ளைகளே முன்வரிசையில் இருந்தால் ஊர் மனம் நோகும்.

நாள் அட்டமி அல்லது நவமி. நேரம் காலை, வெயில் ஏற முதல். மத்தியானம் தகரக் கொட்டகைக்குள்ளே பட்டுப்பாவாடையோடு பிள்ளையை இருத்தினால் மயங்கி விழும். வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லாதீங்கோ. விரதம் பெரியாக்களுக்கு. பிள்ளைக்குப் பாலோ பழமோ கொடுத்து, மலசலகூடமும் காட்டிவிட்டுத்தான் மணையில் இருத்த வேண்டும்.

ஒழுங்கு இப்படி வரும். கோலம் போட்டு, மணையில் வெள்ளைத்துணி விரித்துப் பிள்ளைகளைக் கிழக்கு முகமாக இருத்துவது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வழிபாடு. பிறகு சங்கற்பம். கும்பத்தில் இருக்கும் அம்மனை வேண்டி, கும்பநீரை மாவிலையால் தொட்டு ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஒரு துளி. இதுதான் ஆவாகனம், குடம் கவிழ்க்கிறதில்லை. அடுத்தது பாதபூசை. தாம்பாளத்தில் காலை வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் பாலும் மஞ்சளும் கலந்து கழுவி, புதுத்துணியால் விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும். ஈரக்காலோடு எழும்பின பிள்ளை சீமெந்துத் தரையில் வழுக்கும். பிறகு சந்தனம், குங்குமம், பூ. வயதுக்குரிய பெயரைச் சொல்லி "ஓம் கல்யாண்யை நம:" என்பதுபோல் பதினாறு முறை பூப்போட்டால் போதும். நூற்றெட்டுக்குச் சின்னப்பிள்ளை இருக்காது. தூபம், தீபம், அமுது, ஆரத்தி.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று ஒருவரே செய்தால் ஒன்பது பிள்ளைக்கு முக்கால் மணித்தியாலம் பாதபூசைக்கே போய்விடும். மூன்று தாய்மார் பிரிந்து ஒரே நேரத்தில் செய்யட்டும், மந்திரம் ஒருவர் சொல்லட்டும்.

பூ விஷயத்தில் கவனம். நம்மூரில் கைக்குக் கிடைப்பது செவ்வலரி. அலரியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சின்னப்பிள்ளை மாலையைக் கடிக்கும். அம்மன் சிலைக்குச் சாத்துங்கோ, பிள்ளையின் கழுத்துக்கு மல்லிகை, செவ்வரத்தை, செவ்வந்தி. குங்குமம் ஒரு பொட்டளவு. மலிவுச் சாயக் குங்குமம் அரைமணியில் தடித்துக் கடிக்கத் தொடங்கும். கற்பூர ஆரத்தியை இரண்டு முழத் தூரத்தில் காட்டுங்கோ. இப்ப கடையில் வாங்குகிற பாவாடை முக்கால்வாசி நைலோன், ஒரு பொறி போதும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

கச்சான், கஜு ஒவ்வாத பிள்ளைகள் இருக்கலாம். முதல்நாளே தாயிடம் கேட்டு வையுங்கோ. கொடுக்கிற சட்டை, காப்பு, கொப்பி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தரம், தட்சணையும் அப்படியே.

பலர் விட்டுவிடுவது கடைசிப் படி. அம்மனை மீண்டும் கும்பத்துக்கு எழுந்தருள வேண்டி, பிள்ளையின் தலையில் ஒரு பூவைப் போட்டு எடுத்துக் கும்பத்தடியில் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பெரியாக்கள் நாள் முழுக்க அந்தப் பிள்ளையிடம் "எனக்கு எப்ப விசா வரும், மகளுக்கு எப்ப சரிவரும்" என்று கேட்டுக்கொண்டு திரிவினம். பூவை எடுத்த நிமிடத்தில் இருந்து அவள் வீட்டுப் பிள்ளை. விளையாட விடுங்கோ.

---

திருவாலங்காடு எழுதியது:

ரீச்சர், குருபூசையை நவராத்திரியில் சேர்க்க வேண்டாம். குருபூசை என்பது அடியார் இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் செய்வது, வசதிக்கு மாற்றுவதில்லை. நாட்கள் இவை: காரைக்கால் அம்மையார் பங்குனிச் சுவாதி. மங்கையர்க்கரசியார் சித்திரை மாத ரோகிணி. இசைஞானியார் சித்திரை மாதச் சித்திரை நட்சத்திரம். அறுபத்துமூவரில் பெண்கள் இந்த மூவர்தான். ஆண்டாளுக்கு அவர் அவதரித்த ஆடிப்பூரம். திலகவதியார் அறுபத்துமூவரில் இல்லை. ஆனால் அப்பரைச் சைவத்துக்கு மீட்டுத் தந்த அக்காவை விட்டுவிட்டுப் பெண் அடியார்களைப் பற்றிப் பேச முடியாது.

நவராத்திரியில் செய்யக்கூடியது பாராயணம். அம்மையார் பாடியது 143 பாட்டு: மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்த்து 22, திருவிரட்டை மணிமாலை 20, அற்புதத் திருவந்தாதி 101. எல்லாம் பதினோராம் திருமுறையில் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தாதியில் முதல் ஐந்து வெண்பா போதும். அந்தாதி என்பதால் மனனம் செய்வது சுலபம். முதல் வெண்பா "இடர்" என்று முடிகிறது, இரண்டாவது "இடர்களையா ரேனும்" என்று தொடங்குகிறது. ஐந்து பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஆளுக்கு ஒரு வெண்பா கொடுங்கோ. முன்னவர் முடிக்கிற சொல்லைப் பின்னவர் பிடித்துத் தொடங்கட்டும். இரண்டு ஞாயிறு போதும், ஐந்தும் ஐந்து பேருக்கும் வந்துவிடும். ஒலிவாங்கிக்கு முன் ஒரு பிள்ளை திக்கினாலும் அடுத்த பிள்ளைக்குச் சொல் தெரியும், எடுத்துக் கொடுக்கும். சீர் பிரித்து அச்சிட்ட பிரதியில் இருந்து படிப்பியுங்கோ. சந்தி பிரிக்காமல் படித்தால் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாத இடத்தில் விடுவார்கள், வெண்பாவின் ஓசை போய்விடும்.

மூத்த திருப்பதிகம் மேல் வகுப்புக்கு. "கொங்கை திரங்கி" என்று தொடங்குவது நட்டபாடைப் பண், "எட்டி இலவம்" இந்தளப் பண். சுடுகாடும் பேயும் வருகிற பாட்டு என்று பல ஆசிரியர்கள் ஒதுக்கி விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று பண்டைச் சுரப்பெயர்களை அடுக்கி, தக்கை, தகுணிச்சம், துந்துபி என்று வாத்தியங்களையும் சொல்லும் ஒரு பாட்டு அதற்குள் இருக்கிறது. இசை படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அம்மையார் தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டது, பார்ப்பவர் கண்ணுக்காக வாழும் உடம்பை வேண்டாம் என்று இறைவனிடமே கேட்டு உதறியதால். பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தலாம், விளங்கப்படுத்த வேண்டும்.

படம் வைப்பதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. இணையத்தில் கிடைக்கிற பட்டுச்சேலை, நகை போட்ட படத்தை வைத்து அம்பாளுக்குச் செய்கிற மாதிரிக் குங்கும அர்ச்சனை செய்கிறார்கள். அம்மையாரின் திருவுருவம் எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு, அமர்ந்திருப்பது. நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் இருப்பார். அவர் அடியார். அவருக்குத் திருநீறும், வில்வமும், அவர் பாட்டும்தான் பூசை. படையல் சோறும் மாம்பழமும். புனிதவதியாராக இருந்தபோது கறி ஆக முதல் வந்த சிவனடியாருக்கு அவர் இட்டது அதைத்தான். பங்குனியில் நல்ல கறுத்தக்கொழும்பான் கிடைப்பது கஷ்டம், கிடைக்கிற மாம்பழத்தை வையுங்கோ. காரைக்காலில் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியில் நடக்கிறது. பழம் நிறைய வேண்டும் என்றால் அந்த நாளில் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கதை நிகழ்ச்சி வைக்கலாம்.

அண்மைக்காலத்தவரையும் சொல்லுங்கோ. 1872இல் தட்சிணேசுவரத்தில் பலஹாரிணி காளி பூசை இரவு, இராமகிருஷ்ணர் தன் மனைவி சாரதாதேவியைப் பீடத்தில் இருத்திச் சோடசி என்ற தேவியாகப் பூசித்தார். நம் பக்கத்தில் செல்லாச்சி அம்மையார், சடையம்மா போன்ற பெண் சித்தர்கள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார்கள். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை வளர்த்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) உங்கட பிள்ளைகளின் அம்மம்மாமார் நேரில் பேச்சுக் கேட்ட ஆள். அவரைப் பற்றி வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னால் நல்ல கட்டுரைகள் வரும்.

---

நந்திக்கடல் எழுதியது:

உப்புநீர் விளக்கு பற்றிக் கேட்டீர்கள். செய்ய வேண்டாம் பிள்ளை. அது வற்றாப்பளையின் வழக்கம். வைகாசிப் பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் ஏழு நாள் விளக்கெரியும். காட்டு விநாயகர் பொங்கல் முடிய, மடைப்பண்டம் (படையல் சாமான்) வற்றாப்பளைக்கு எடுத்துச் சென்று, திங்கட்கிழமை அம்மனுக்குப் பொங்கல். ஒவ்வொரு படிக்கும் உரிமைக்காரர் உண்டு, அவர்களுக்கு விரதம் உண்டு. மதுரையை எரித்து வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்றும், கிழவியாக வந்து இடைச்சிறுவர்களிடம் புக்கை (பொங்கல்) கேட்டு, எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள் என்றும், பேன் பார்த்த சிறுவர்கள் அவள் தலையில் ஆயிரம் கண் கண்டார்கள் என்றும் ஐதீகம். அந்த இடத்துக்கும் அந்த ஆட்களுக்கும் உரியதை எடுத்து வேறு கோயிலில் செய்து, விளக்கு எரியாவிட்டால் பிள்ளைகள் முன்னால் என்ன சொல்வீர்கள்? உங்கட கோயிலில் நல்லெண்ணெய் விளக்கு வையுங்கோ, அம்மாள் ஏற்றுக்கொள்வா.

திருவாலங்காடு ஐயா அடியார் பகுதியை எழுதினார். வன்னியில் தெய்வமான பெண்களையும் பிள்ளைகள் அறிய வேண்டும். போரில் மாண்ட வன்னியரின் மனைவிமார் தீப்பாய்ந்து நாச்சிமார் ஆனார்கள் என்கிறது ஊர்க்கதை. யானை பிடித்த அரியாத்தையின் கதை வேலப்பணிக்கன் ஒப்பாரியில் இருக்கிறது. கண்ணகியை யாழ்ப்பாணத்துப் பல கோயில்களில் இராசராசேசுவரியாகவும் புவனேசுவரியாகவும் மாற்றினார்கள். ஆறுமுக நாவலரின் கண்டனத்துக்கு அதில் பங்குண்டு. வன்னியும் மட்டக்களப்பும் அவளைக் கண்ணகியாகவே வைத்துக்கொண்டன. சிங்களச் சனம் அவளைப் பத்தினியாகக் கும்பிடுகிறது. சிலப்பதிகாரத்திலேயே கடல்சூழ் இலங்கைக் கயவாகு வருகிறான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஒரு கோவலன் கூத்துக் காட்சி போதும், பேச்சுத் தேவையில்லை.

உரு வருவது பற்றி. தடுக்கவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம். உடுக்கும் பறையும் உச்சத்தில் போகும்போது சிலருக்குக் கலை ஏறும். சுற்றி இரண்டு பாய் அளவு இடம் விடுங்கோ. குத்துவிளக்கு, தேங்காய் உடைக்கிற கத்தி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கோ. பெண்ணுக்கு உரு வந்தால் பெண்களே பின்னால் நின்று இடுப்பில் தாங்கட்டும், சேலையைச் சரிசெய்ய ஒருவர். தலைமயிரைப் பிடித்து இழுக்கிறதும் சூடு வைக்கிறதும் கூடவே கூடாது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, திருநீறு, மேளத்தைக் குறைத்தல். இறங்கியதும் குடிக்கத் தண்ணீர், இருக்க ஒரு நிழல்.

வலிப்பை உரு என்று நினைத்து விட்டுவிடுவது ஆபத்து. உரு வந்தவர் நிற்பார், ஆடுவார், கேட்டால் சொல்லுவார். கட்டை மாதிரி விழுந்து கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை வந்து, கூப்பிட்டால் அறிவில்லை என்றால் அது வலிப்பு. பக்கவாட்டில் படுக்க வைத்து, வாய்க்குள் ஒன்றும் வைக்காமல், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ.

இன்னொன்று, இதை நிர்வாக சபையில் கட்டாயம் வாசியுங்கோ. உரு வந்தவரிடம் கட்டு (குறி) கேட்கும்போது ஒலிவாங்கியை நிறுத்துங்கோ. நம் ஊரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகத் தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள். "இருக்கிறான், வருவான்" என்று ஆடுகிறவர் வாயில் வந்துவிட்டால் அந்தத் தாய் அடுத்த வருடம் வரை அந்தச் சொல்லிலேயே இருப்பாள். "இல்லை" என்று வந்தாலோ, ஊர் முழுக்கக் கேட்க அவள் அந்த இடத்தில் விழுவாள். இரண்டும் அவளுக்குச் செய்கிற அநியாயம். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும்: மழை, வேளாண்மை, கோயில் காரியம் மட்டும் கேட்கலாம், ஆளைப் பற்றிக் கேட்கக்கூடாது.

வீட்டில் யாருக்கும் கொப்புளிப்பான் என்றால், கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அந்தப் பிள்ளை வரக்கூடாது. அம்மாள் வருத்தம்தானே, அம்மன் கோயிலுக்கு வந்தால் என்ன என்று கூட்டி வந்து பாதபூசைக்கு இருத்தினால் பக்கத்துப் பிள்ளைக்கும் வரும், வயிற்றுப்பிள்ளைத்தாய்க்கும் வரும்.

---

முத்தையன்கட்டு எழுதியது:

பனையடி அக்கா, ஐயாமார் இருவருக்கும் நன்றி. குமாரி பூசை நவமி காலை, மூன்று தாய்மார், ஏழு பிள்ளைகள் என்று முடிவு. அந்தாதி ஐந்து பாட்டு வாணி விழாவில். ஒலிவாங்கி விஷயத்தைச் சபையில் வாசித்தேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு கேள்வி மிச்சம். பருவமடைந்த பிள்ளைகள் தாங்களும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், என்ன செய்யலாம்? அறுபது பேர் வருவார்கள், புக்கைக்கு எவ்வளவு சாமான் போட வேண்டும்?

---

பனையடி எழுதியது:

மணையில் இருப்பது பத்து வயது வரைதான். பெரிய பிள்ளைகளுக்குப் பாதபூசைக்குத் தண்ணீர் வார்க்கிறது, பெயர் சொல்லிப் பூப்போடுகிறது, அந்தாதி சொல்லிக் கொடுக்கிறது என்று வேலை பிரித்துக் கொடுங்கோ. யார் அன்றைக்கு வீட்டுக்கு விலக்கு என்று ஆக்களுக்கு முன்னால் கேட்காதீங்கோ. வராத பிள்ளையிடம் காரணமும் கேட்க வேண்டாம்.

புக்கை, அறுபது பேருக்கு: பச்சையரிசி 5 கிலோ, வறுத்துக் கோது நீக்கிய பயறு ஒன்றேகால் கிலோ, சர்க்கரை 4 கிலோ, தேங்காய் 10, கஜு அரைக்கிலோ, பிளம்ஸ் (முந்திரிகை வத்தல்) அரைக்கிலோ, ஏலக்காய் 25 கிராம். கஜு ஒவ்வாத பிள்ளைக்குக் கஜு போட முதலே தனியாக எடுத்து வையுங்கோ.

மண்பானையில் வைக்கிற வளந்துப் பொங்கலுக்கு இதில் ஒரு கிலோ அரிசி, அதற்குரிய சாமானோடு. மிச்சம் கிடாரத்தில். பானை புதிது என்றால் முதல்நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை அதிலே மெதுவாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கோ. அப்படியே நெருப்பில் ஏற்றினால் வெடிக்கும், சனம் அதைச் சகுனம் என்று கதைக்கும்.

தண்ணீரும் இரண்டாம் பாலும் சேர்த்து மொத்தம் 18 முதல் 20 லீற்றர். பொங்கி வழிந்ததும் அரிசியும் பயறும் போட்டு, அரிசி விரலில் நசியும்வரை சர்க்கரையைத் தொடாதீங்கோ. சர்க்கரை விழுந்தபிறகு அரிசி அவியாது, நறுக்கு நறுக்கென்று நிற்கும். சர்க்கரையை முதலே சுடுதண்ணீரில் கரைத்துத் துணியால் வடியுங்கோ, மண் இருக்கும். முதற்பால் கடைசியில், விறகை இழுத்துத் தணலாக்கிய பிறகு. இந்த நேரம்தான் அடிப்பிடிக்கும், நீளமான அகப்பையோடு ஒருவர் கிடாரத்தடியை விட்டு விலகக்கூடாது. அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கோ, புகை மணம் முழுக்க ஏறாது.

நவமியன்று ஏழு மணிக்குப் பிள்ளைகளை இருத்துவதென்றால் அடுப்பு ஐந்துக்கு மூட்ட வேண்டும். மணையில் இருந்த பிள்ளைகளுக்கு முதல் இலை. அவர்கள் கை நனைத்த பிறகுதான் சபைக்காரருக்கு.